மும்மதிலூரில் நிழல் விழுந்த இடங்கள்

பிறையைச் சடையிலும் எரியைக் கையிலும் தாங்கி, ஊர் அடங்கிய பின் ஒருவரும் வராத சுடலையில் தனித்து ஆடுகின்ற பெருமானே, பேர் பெற்றவர்களின் சாம்பலையும் பேர் தெரியாமல் எரிந்தவர்களின் சாம்பலையும் ஒன்றாகக் குழைத்து மேனியெங்கும் பூசிக்கொண்டு, இது இன்னாருடைய சாம்பல் என்று ஒருநாளும் கேளாதவனே, இதைச் சொல்லும் நாவுக்குத் தடுமாற்றமும் கேட்கும் செவிக்குச் சலிப்பும் வாராமல் நீயே காத்தருள்க. உன் திருமுன் நின்று சொல்லப்படுவதால் இதில் ஒன்று கூட்டப்படவும் இல்லை, ஒன்று குறைக்கப்படவும் இல்லை.

மும்மதிலூர் என்ற கோட்டை நகரத்தில் மரம் கிடையாது. ஒருகாலத்தில் இருந்தன; நெடுநாள் நீடித்த முற்றுகை ஒன்றின்போது, வாயிற்கதவுகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்று சிலவற்றையும், பகைவரின் வில்லாளிகள் ஏறி ஒளியக் கூடாது என்று மற்றவற்றையும் அரண்மனை வெட்டச் சொல்லியது; முற்றுகை முடிந்து, முற்றுகையிட்டவர்களும் இடப்பட்டவர்களும் மாண்டு, அவர்களுடைய பேரர்களும் கிழவர்களான பின்னும், மரம் நடலாகாது என்ற ஆணையை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே பங்குனி பிறந்தால் ஆவணி முடியும்வரை தெருக்கல்லில் வெறுங்கால் வைக்க இயலாது; உச்சிவேளையில் தேரடியிலிருந்து கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஒரு சாண் அகல நிழலில் ஒருவர்பின் ஒருவராக எறும்பைப்போல் போவார்கள்; எதிரே வருகிறவர் பெரியவரானால் சிறியவர் வெயிலில் இறங்கி வழிவிட வேண்டும் என்பது அவ்வூர் மரியாதை.

அந்த ஊரில் வட்டத்துக்கு ஒருவராக நான்கு இராக்காவலர்கள் இருந்தார்கள். தெற்கு வட்டத்துக்குக் காவலர் மாசாணம் என்பவர். மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆனவர், பிள்ளைகள் இல்லாதவர், தெற்கு வாயிலின் மதிலுக்குள் குடைந்த சிறிய அறையில் பகலெல்லாம் உறங்கி, அந்தி முரசு முழங்கிக் கோட்டைக் கதவு சாத்தியபின் எழுந்து, விடியல் முரசு முழங்கிக் கதவு திறக்கும்வரை மூன்று முறை வட்டத்தைச் சுற்றி வருபவர். அரண்மனைப் படியாக மாதந்தோறும் அவருக்குக் கம்பு அளக்கப்பட்டது. கோலும் விளக்கும் அரண்மனையுடையவை.

வீடில்லாதவர்கள் அவருடைய வட்டத்தில் அறுபது எழுபது பேர் தெருவோரம் படுப்பார்கள். கொசுவுக்கு அஞ்சி உச்சிமுதல் உள்ளங்கால்வரை துணியால் போர்த்திக்கொண்டு படுப்பதால், உறங்குகிறவர் எவர், உயிர் போனவர் எவர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதற்காக முன்னோர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காவலர் கால்மாட்டில் நின்று கோலால் தரையை மூன்று முறை தட்டுவார். படுத்திருப்பவர் துணிக்கடியிலிருந்து கால் பெருவிரலை அசைப்பார். காவலர் அடுத்தவரிடம் போய்விடுவார். இதனால் உறங்குகிறவரின் உறக்கமும் கலையாது, காவலரின் பொழுதும் வீணாகாது. சிறு குழந்தைகள்கூட இரண்டு வயதுக்குள் இதைக் கற்றுக்கொண்டு, கனவில் சிரித்தபடியே விரலை ஆட்டின. விரல் அசையாத இடத்தில் மாசாணம் குனிந்து முகத்துணியை விலக்குவார். விடிந்ததும் கோட்டை மணியக்காரரிடம் போய், தெற்கு வட்டத்தில் ஒன்று என்றோ, இரண்டு என்றோ சொல்வார். மணியக்காரர் தலையசைப்பார். நேற்று மாலை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர் இன்று எப்படி இறந்தார் என்பதை மணியக்காரர் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல மாசாணத்திடமும் ஒரு சொல்தான் இருந்தது. திடீர்ச் சாவு என்பது அந்தச் சொல். பசியைக் குறிக்க அரண்மனையில் வேறு சொல் வழங்கவில்லை.

ஒரு பங்குனி மாதத்தில், யானைக் கொட்டாரத்துச் சுவரோரம், புல்லுக்கட்டு விற்கும் முதியவர் ஒருவர் விரலை அசைக்கவில்லை. வழக்கம்போல் மாசாணம் சொன்னார், வழக்கம்போல் இருவர் வந்து மூங்கில் தட்டியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். வெயில் ஏறியதும், அவர் படுத்திருந்த இடத்தில், மேலே ஒரு மரமும் இல்லாமல், பத்து வயதுள்ள வேம்பின் நிழலளவு வட்டமான நிழல் ஒன்று கிடந்தது. முதலில் ஒரு நாய் போய்ப் படுத்தது. பிறகு ஓர் ஆடு. பிறகு தயிர் விற்கும் ஒருத்தி தன் பானையை இறக்கிவைத்து, நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். சூரியன் உச்சிக்குப் போய் மேற்கே சாய்ந்தது. நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது. மாலையில் தயிர் புளிக்காமல் இருந்ததால் அவளுக்குத்தான் முதலில் அதன் அருமை தெரிந்தது. மறுநாள் அவள் தன் நாத்தியையும் அழைத்து வந்தாள்.

அடுத்த மாதத்துக்குள் அத்தகைய நிழல்கள் ஒன்பது ஆயின. தெருவில் இறந்த ஏழைகள் ஒவ்வொருவரும், உடம்பு அகன்ற இடத்தில் ஒரு நிழலை விட்டுப் போனார்கள்; மெலிந்தவர் பெரிய நிழலையும் சற்றே சதைப்பற்றுள்ளவர் சிறிய நிழலையும் விட்டார்கள். ஊரார் வியப்படையவில்லை என்று சொல்வது பிழையாகும். மூன்று நாள் வியந்தார்கள், நான்காம் நாள் யார் எங்கே உட்காருவது என்று வழக்காடத் தொடங்கினார்கள். மணியக்காரர் தீர்ப்புச் சொன்னார்: வாசலோரம் விழுவது வாசலுக்கு உரியவருக்கு, நடுத்தெருவில் விழுவது அரண்மனைக்கு. தீர்ப்பு தெளிவாக இருந்ததால் எல்லோரும் அமைதியடைந்தார்கள். நாவிதர் ஒரு நிழலில் கல்லைப் போட்டார். பூக்கட்டுகிற பெண்கள் இன்னொன்றில் கூடினார்கள். எழுத்துப் பள்ளியின் ஆசிரியர் தம் மாணாக்கரோடு மூன்றாவதற்குக் குடியேறினார். தயிர் நிழல், சவர நிழல், பூ நிழல், அரிச்சுவடி நிழல் என்று அவற்றுக்குப் பேர்கள் ஏற்பட்டன. நிழலை விட்டவர்களின் பேர்கள் மாசாணத்துக்கு மட்டும் தெரியும், அவரை யாரும் கேட்கவில்லை.

திருவிழா வந்தபோது, உலாப்போகும் இறைவனின் பல்லக்கை வெயிலில் நிறுத்துவதா, வழியிலுள்ள நிழலில் இறக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஈமக்கடன் பெறாமல் இறந்தவரின் நிழல் தீட்டுடையது என்று ஒரு சாராரும், தீட்டு உடம்புக்கு உண்டேயன்றி நிழலுக்கு ஏது என்று மற்றொரு சாராரும், மூன்று நாள் நூல்களைப் புரட்டி வாதிட்டார்கள். முடிவில், பல்லக்குச் சுமக்கிறவர்களில் மூத்தவர், சுடுகாட்டிலேயே வீடு வைத்திருக்கிற சாமி இதற்கு முகம் சுளிக்கமாட்டார், எங்கள் தோள்தான் சுளிக்கிறது என்று பணிவாகச் சொன்னார். பல்லக்கு நிழலில் இறங்கியது. அன்று அபிடேக நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்ததாக அடியவர்கள் உணர்ந்து கண்ணீர் மல்கினார்கள்.

செல்வர்களுக்கும் ஆசை வந்தது. கடைத்தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, அவரை வீட்டு முற்றத்தில் ஒரு பகல் முழுவதும் கிடத்திவைத்துக் காத்திருந்தார்கள், நிழல் விழவில்லை. இன்னொருவர், தாம் இறந்தால் கந்தல் உடுத்தித் தெருவில் கிடத்துமாறு சொல்லிவைத்து, அவ்வாறே கிடத்தப்பட்டார், ஈக்கள் வந்தன. இதிலிருந்து, இது ஏழைகளுக்கு இறைவன் தனியே அளித்த கொடை என்று உணர்ந்து, அந்தக் கொடை தங்கள் வாசலில் நிகழ வேண்டும் என்று கடைக்காரர்கள் விரும்பினார்கள். ஊரில் அறம் பெருகியது அந்த நாளில்தான். நலிந்தவர்களை அழைத்துத் தத்தம் கடை வாசலில் பாய் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மாலையில் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சி நீர்த்திருந்தது, கெட்டியாக ஊற்றிய ஒருவரை மற்றவர்கள் தனியே அழைத்து மென்மையாகக் கடிந்துகொண்டார்கள். வைத்தியர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து படுத்திருப்பவர்களின் நாடியைப் பார்த்து, முடிவை அவர்களிடம் சொல்லாமல் கடைக்காரரிடம் சொல்லிப் போனார். நேற்றுவரை வாசலில் நிற்காதே என்றவர்கள் இன்று வாசலைவிட்டுப் போகாதே என்கிறார்கள் என்று தெருவாசிகள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். உடல் தேறியவர்களிடமிருந்து பாய் திரும்பப் பெறப்பட்டது. நாளடைவில், நோயுற்ற ஏழைகள் கண்ட இடத்தில் கிடந்து துன்புறலாகாது, அந்தியில் கடைத்தெருவுக்கு வந்துவிட வேண்டும் என்று மணியக்காரர் ஆணையும் பிறப்பித்தார். அது கருணையான ஆணை என்று பலரும் பாராட்டினார்கள்.

அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் கொம்பையா என்பவரும் ஒருவர். மதில் வேலைக்குக் கல் சுமந்தவர். நெஞ்சில் கல்தூசி படிந்து, நாற்பது வயதுக்குள் ஒரு கைப்பிடி எலும்பாகிவிட்டவர். அவர் மனைவி பேராச்சி, தெற்கு வாயிலுக்கு வெளியே உள்ள களத்தில், சுண்ணாம்புச் சூளைக்குக் கல் உடைப்பவள். விடியல் முரசிலிருந்து அந்தி முரசுவரை சம்மட்டியோடு வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பாள். கணவரை விட்டுவிட்டுப் போக இயலாமல் ஒவ்வொரு விடியலிலும் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போவாள். அந்தியில் தூக்கிக்கொண்டு திரும்புவாள். இரவில் மதிலுக்கு வெளியே யாரும் தங்கலாகாது என்பது பழைய சட்டம். கொம்பையாவுக்கு ஒதுக்கப்பட்டது, தானியம் விற்கும் தவசக் கடைக்காரர் திருமேனியாரின் வாசல். அவர் நல்ல மனிதர். பாயைக் கிழிசல் இல்லாததாகப் பார்த்துக் கொடுத்தார், பேராச்சியும் உடன் படுக்கலாம் என்றார்.

ஓர் அந்தியில், கதவு சாத்தும் வேளைக்கு எல்லோருக்கும் கடைசியாகப் பேராச்சி உள்ளே வந்தாள். முதுகில் கணவர் இருந்தார். கடந்து போகாமல் மாசாணத்தின் எதிரே நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு ராத்திரி மட்டும் இவர வெளிய, களத்துல படுக்க விடுங்க."

தமக்கு அந்த அதிகாரம் இல்லை என்று மாசாணம் சொன்னார். எதற்கு என்றும் கேட்டார். முதுகிலிருந்து கொம்பையா தலையைத் தூக்கினார்.

"உசிரோட இருந்தப்போ மதிலுக்கு ஒழைச்சேன். செத்தபொறவு தவசக் கடைக்கு ஒழைக்கணுமா? இவ அங்க மொட்ட வெயில்ல இருந்து கல்லு ஒடைக்கா அண்ணாச்சி. இவளுக்குக் குடுக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

இவ்வளவு பேசியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. பேராச்சி அவரை முதுகில் ஒருமுறை உயர்த்திச் சரிசெய்துகொண்டு, கடைத்தெருவை நோக்கி நடந்தாள்.

பகலில் களத்தில் கிடக்கும்போதே இறந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கொம்பையாவும் அதற்கு முயன்றார். வெயில் ஏறும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பெருமானை நினைத்துப் படுத்திருந்தார். ஆனால் அத்தகைய சாவு பெரும்பாலும் இரவின் நான்காம் சாமத்தில்தான் வந்தது, கதவுகள் சாத்தியிருக்கும்போது. மாசாணம் இதை மற்றவர்களைவிட நன்றாக அறிவார். பெரிய கதவின் ஓரத்தில், ஓர் ஆள் குனிந்து போகும் அளவில் ஒரு திட்டிவாசல் இருந்தது. அதன் தாழ்க்கோல் அவர் இடுப்பில் இருந்தது. விடியல் முரசுக்கு முன் அதைத் திறந்த காவலருக்கு வலக்கை மணிக்கட்டோடு போகும். மாசாணத்துக்கு முன் அந்த வாயிலில் இருந்தவருக்கு அவ்வாறு போயிருந்தது; அவர் நெடுநாள் அதே தெருவில் இடக்கையால் உண்டு வாழ்ந்தார்.

மூன்று நாள் கழித்து மாசாணம் பேராச்சியை வழிமறித்து, ஒரே ஒரு நாள் திறப்பதாகச் சொன்னார். இரண்டாம் நாள் கேட்கக் கூடாது; ஆகையால் அது சரியான நாளாக இருக்க வேண்டும். அந்த நாளைத் தாம் அறிந்து சொல்வதாகவும், சொன்னதும் சத்தமில்லாமல் எழுந்து தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். முப்பது ஆண்டுகளாகக் கோலைத் தட்டி விரலைப் பார்த்து வந்தவர் அவர். விரல் அசையும் விதத்திலிருந்தே எத்தனை நாள் என்று அறியக்கூடியவர், வைத்தியரைவிடத் துல்லியமாக. நாளைக்கு இறப்பவரின் விரல் இன்று துணியைத் தூக்காது, துணிக்குள்ளேயே சிறிது நடுங்கி நின்றுவிடும். அந்த நடுக்கத்துக்காக அவர் காத்திருந்தார்.

ஒவ்வோர் இரவும் திருமேனியாரின் வாசலில் கோலைத் தட்டினார். ஒரே துணிக்கடியில் கணவனும் மனைவியும் படுத்திருந்தார்கள். விரல் துணியைத் தூக்கி அசைந்தது. இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணிப் போனார். அடுத்த நாளும் விரல் துணியைத் தூக்கியது. முன்னைவிட வலிமையாகக்கூட இருந்தது. நோய் சற்றே தணிந்திருக்கிறது போலும் என்று மகிழ்ந்து, தம் வலக்கையை ஒருமுறை இடக்கையால் தடவிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் நான்காம் சாமத்தில் தட்டினார், விரல் அசைந்தது. வடக்கே திரும்பி மதிலோரம் ஒரு சுற்று போய், வெளுக்கும் வேளையில் மீண்டும் வந்து தட்டினார், விரல் அசைந்தது. ஏனோ அவர் போகாமல் நின்றார். துணியின் நுனியில் நான்கு பாதங்கள் புடைத்துத் தெரிந்தன. அசைந்தது எந்தக் கால் என்று அவர் அன்றுதான் பார்த்தார். குனிந்து முகத்துணியை விலக்கினார். கொம்பையா குளிர்ந்து வெகுநேரமாகியிருந்தது. அருகில் பேராச்சி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

அவளை எழுப்பினார். அவள் எழுந்து உட்கார்ந்து, கணவரின் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"வெரல் ஆடுச்சே தாயி" என்றார் மாசாணம். "மூணு நாளா நல்லா ஆடுச்சே."

"அது என் வெரலு, அண்ணாச்சி" என்றாள் பேராச்சி. "அவருக்குக் கால் அசையாமப் போயி நாலு நாளாச்சு. பதில் இல்லன்னா நீங்க துணிய எடுப்பிய, அவரு முழிச்சிருவாரு. அதான் நான் ஆட்டுனேன். பொறவு தூக்கத்துலயும் தானா ஆடிக்கிட்டு."

அவர் கோலைத் தட்டுவது எதைப் பார்க்க என்று அவளுக்குத் தெரியாது. இரவுக்காவல் எல்லோருக்கும் செய்வதைச் செய்கிறது என்று எண்ணியிருந்தாள். தாம் எதைப் பார்க்கிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் பிறந்த எவரும் தட்டினால் விரல் அசைவதைச் சந்தேகித்ததில்லை. விடியல் முரசு முழங்கியது. மாசாணம் மணியக்காரரிடம் போய், தெற்கு வட்டத்தில் ஒன்று என்றார். மணியக்காரர் தலையசைத்தார்.

வெயில் ஏறியதும் திருமேனியாரின் வாசலில் நிழல் தெரிந்தது. அதுவரை ஊரில் விழுந்தவற்றுள் அது பெரியது. மூன்று கடைகளின் முகப்பை மூடி, தெருவின் பாதிவரை பரந்திருந்தது. திருமேனியார் கண்ணீர் விட்டு, தம் செலவில் கோடித்துணி எடுத்துக் கொடுத்து, பேராச்சி எப்போது வேண்டுமானாலும் வந்து அந்த நிழலில் உட்காரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சொன்ன சொல்லைக் காத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினாறாம் நாள் அவள் வந்து உட்கார்ந்தபோது, உளுந்து வாங்க வந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சிறிது நேரம் கழித்து மூட்டை இறக்க வேண்டியிருந்ததால் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். பிறகு இன்னும் சற்று. எப்படி இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேராச்சி எழுந்து, வாயிலைத் தாண்டி, களத்துக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்தாள். பிறகு அவள் அங்கே வரவில்லை. கடைத்தெருவுக்கும் களத்துக்கும் இடையே அரை நாழிகை நடை; கல் உடைப்பவர்களுக்கு உச்சிவேளை ஓய்வு கால் நாழிகை.

அதற்கு அடுத்த விடியலில், கதவு திறந்ததும், மாசாணம் தம் அறைக்குள் போகாமல் வாயிலுக்கு வெளியே வந்தார். களத்தில் பேராச்சியின் கல்குவியலை ஒட்டித் துணியை விரித்து, கோலைத் தலைமாட்டில் வைத்து, வெயிலில் படுத்து உறங்கினார். அந்தி முரசுக்கு எழுந்து உள்ளே போனார். மறுநாளும் வந்தார். களத்தில் பேராச்சியைத் தவிர இன்னும் பதினொரு பெண்கள் இருந்தார்கள். அவர்களுள் வெள்ளச்சி என்பவளுக்கு நாக்கு நீளம்.

"ஏளா பேராச்சி, காவலு இப்போ பகல்லயும் உண்டா? இந்தக் கல்ல எவன் களவாங்கிட்டுப் போவான்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குப் பாய் கொண்டுவரவில்லையா, தலையணைக்கு நல்ல கல்லாகப் பார்த்துக் கொடு என்று நாள்முழுவதும் பேசினார்கள். மாசாணம் உறங்கினார், அல்லது உறங்குவதுபோல் இருந்தார். கற்சில்லுகள் தெறித்து அவருடைய துணியில் விழுந்தன. ஐந்தாம் நாள் பேராச்சி சம்மட்டியை நிறுத்தாமலே கேட்டாள்:

"எதுக்கு இங்க வந்து வேகுதிய?"

"எனக்கும் வயசாச்சு" என்றார் மாசாணம்.

அவள் நான்கைந்து கல் உடைத்தாள். பிறகு, "நீங்க அரண்மனைப் படி வாங்குறவரு. உங்களுக்கு விழுமா?" என்றாள்.

"தெரியாது" என்றார்.

அதன்பின் அவர்கள் அதைப்பற்றிப் பேசவில்லை. தம் உடம்பில் எவ்வளவு ஏழ்மை இருக்கிறது, அது போதுமா என்று மாசாணம் எண்ணிப் பார்த்திருக்கக்கூடும். மாதந்தோறும் வாங்கும் கம்பில் பாதியை வாயிலருகே படுத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடத் தொடங்கினார் என்பது மட்டும் தெரியும். அவர் மெலிந்தார். ஆனால் சாவு வரவில்லை. சித்திரை வந்து போனது, கத்திரி வந்து போனது. ஊருக்குள் ஆண்டுக்கு இருபது முப்பது பேர் விரல் அசைக்காமல் போய், கடைத்தெரு முழுவதும் குளிர்ந்து, வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து வியந்து, மும்மதிலூரின் கொடைத்திறத்தைப் புகழ்ந்து திரும்பினார்கள். நிழல் தேடிச் சுவரோரம் ஒதுங்கும் பழைய மரியாதையை இளையவர்கள் மறந்தார்கள். மதிலுக்கு வெளியே களத்தில் மட்டும் வெயில் முன்பிருந்தபடியே இருந்தது.

இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, நாள் யாருக்கும் நினைவில்லை, பேராச்சி தன் உட்காரும் இடத்தை மாற்றினாள். உறங்குகிறவரின் முகத்துக்கும் சூரியனுக்கும் நடுவே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுடைய நிழல் அவர் முகத்தில் விழுந்தது. உயிரோடு இருப்பவரின் நிழல் நிற்பதில்லை. பொழுது நகர நகர அதுவும் நகரும். ஆகவே அவளும் நகர்ந்தாள். காலையில் கிழக்கே, முன்பகலில் தென்கிழக்கே, பிறகு மெல்ல மெல்ல மேற்கே என்று, கல்லையும் சம்மட்டியையும் இழுத்துக்கொண்டு, ஒரு நாளில் அவரைப் பாதி வலம் வந்தாள். உச்சிவேளையில் நிழல் காலடிக்குள் சுருங்கும்போது அவர் முகத்தின்மேல் குனிந்து, சோறு உண்பவள்போல் இருந்தாள். வெள்ளச்சி முதல் நாள் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தன் கல்லைப் பார்த்தாள். அவர் அவளுக்கென்று வந்து வெயிலில் கிடந்தார், அவள் அந்த வெயில் அவர்மேல் படாமல் மறைத்தாள். இதனால் யாருக்கு என்ன பயன் என்று களத்தில் யாரும் கேட்கவில்லை. அவர் இறவாதபடி அவளே தடுக்கிறாள் என்று ஒருத்தி நினைத்தாள்.

இவ்வாறு ஆறு ஆண்டுகள் சென்றன.

ஒரு வைகாசி நாளில், முன்பகல் கடந்து வெயில் தலைக்கு ஏறிய நேரத்தில், பேராச்சிக்குத் தாகம் எடுத்தது. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, களத்தின் மூலையிலிருந்த பானைக்குப் போனாள். சிரட்டையில் மொண்டு குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவள் இங்கே நின்றிருந்தாள். அங்கே மாசாணத்தின் முகத்தின்மேல் நிழல் இருந்தது.

வானத்தைப் பார்த்தாள், மேகம் இல்லை. தன் காலடியைப் பார்த்தாள். அவளுடைய நிழல் அங்கேதான் கிடந்தது. சிரட்டையைப் பானையின்மேல் கவிழ்த்துவைத்துவிட்டு நடந்து வந்தாள். பெண்கள் ஒவ்வொருவராகச் சம்மட்டியை நிறுத்தினார்கள்.

மாலையில் வேறொரு காவலர் வந்து பார்த்து மணியக்காரருக்குச் சொன்னபின், இருவர் உடம்பை எடுத்துப் போனார்கள். மறுநாள் விடியலில் பேராச்சி களத்துக்கு வந்து பார்த்தபோது, வெயில் ஏற ஏற நிழல் தெளிந்தது. பெரிய நிழல் இல்லை. அரண்மனைப் படி வாங்கியவர் என்பதாலோ, பாதிப் படியைக் கொடுத்தவர் என்பதாலோ, ஓர் ஆள் உட்கார்ந்து கையை வீசும் அளவே இருந்தது. கல்லெல்லாம் வெயிலில் இருக்க, உடைக்கிறவள்மட்டும் உள்ளே இருக்கலாம். திட்டமாக அவ்வளவுதான்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒரு கல்லை இழுத்து வைத்து உடைத்தாள். இன்னொன்றை உடைத்தாள். வழக்கத்தால் அவள் உடம்பு சூரியனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, கீழே கிடக்கும் ஒரு முகத்துக்காகக் குனிந்தே இருந்தது. மூன்றாவது கல்லை உடைத்த பிறகுதான் தலையில் வெயில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. சம்மட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மெல்ல நிமிர்ந்தாள். எப்படி இருக்கிறது என்று வெள்ளச்சி கேட்டாள்.

"இருக்கு" என்றாள் பேராச்சி. பிறகு எழுந்து வெயிலுக்கு வந்தாள். "நீ கொஞ்ச நேரம் இரு."

அன்றுமுதல் பன்னிரண்டு பெண்களும் முறைவைத்து ஒருவர்பின் ஒருவராக அதில் உட்கார்ந்தார்கள். ஒருவர் முறை முடிந்து எழுந்து மற்றவர் உட்காரும் அந்த இடைவெளியில், ஒருவரும் இல்லாத நிழல் தரையில் கிடக்கும். அப்போது களத்தில் சம்மட்டிச் சத்தம் சற்றே நின்று, பிறகு தொடரும்.

இதைச் செவிமடுத்தவர்களுக்கு உச்சிவேளையில் தலைக்கு நிழலும் அந்திவேளையில் படுக்க இடமும் குறையாதிருப்பதாக. அவர்களுடைய கஞ்சி கெட்டியாக இருப்பதாக. அவர்கள் உறங்கும்போது அருகில் ஓர் உயிர் விழித்திருப்பதாக. அவர்கள் போகும் நாளில், எப்படிப் போனார் என்று ஒருவராவது கேட்பாராக. சாம்பலில் பேதம் பாராத பெருமான் அவர்கள் அனைவரையும் பேர் சொல்லி அழைத்துக்கொள்வானாக.